கால்மாட்டுச் சீட்டு

மெசேஜ் வந்தபோது கவுன்டரில் இருந்தேன்.
விளக்குத்தூண் கடையில் ஆடித் தள்ளுபடி,
ஒரு கையில் கார்டு மெஷின், ஒரு கையில் பை.
'அன்பான வாடிக்கையாளரே' என்று ஆரம்பித்தது.
அப்படிக் கூப்பிட்டால் எதையோ பிடுங்கப் போகிறார்கள்
என்று மூடி வைத்துவிட்டேன்.

வில்லாபுரம் பஸ்ஸில் நின்றபடி வாசித்தேன்:
தாங்கள் வாங்கிய மெத்தை
தீப்பொறி பட்டால் பற்றுகிற வேகம்
அனுமதித்த அளவுக்கு மேல்.
இன்றிரவே படுப்பதை நிறுத்தவும்.
கால்மாட்டுச் சீட்டில் எண்ணைப் பார்க்கவும்.
விற்க வேண்டாம், யாருக்கும் கொடுக்க வேண்டாம்.

பதினோரு தவணையில்
இன்னும் நாலு பாக்கி.

சீட்டு இல்லை.
குதிகாலில் குத்துகிறதென்று
வந்த வாரமே பிளேடால் அறுத்தது நான்தான்.
பில் இருந்தது. பீரோச் சூட்டில் எழுத்தெல்லாம் வெளுத்து
வழுவழுவென்று ஒரு வெள்ளைத் தாள்.

கட்டணமில்லா எண்ணில் நாற்பது நிமிஷம் வீணை வாசித்தார்கள்.
பிறகு ஒரு பையன்:
"உறையோட ஜிப்பைத் திறங்க மேடம்,
ஃபோம் மேலயே நீல மையில அடிச்சிருக்கும்."
அடித்திருந்தது.
எங்கள் எண்தான்.

இதன் மேல் போட்டுத்தான் பாண்டீஸ்வரன் ஃபோனுக்குச் சார்ஜ் ஏற்றுவார்.
இதன் கீழேதான் கொசுவத்தி
விடிய விடியச் சிவப்புக் கண்ணைத் திறந்து
சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது.
வயிறு கலங்கியது.
அப்புறம்தான் இன்னொன்று ஞாபகம் வந்தது.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்.

இலவசத்தை லோடு ஆட்டோ சோணைக்குக் கொடுத்திருந்தேன்,
தெருவே பார்க்கிற மாதிரி.
"அக்காவுக்குப் பெரிய மனசு" என்று அவன் சொன்னதை
ரெண்டு நாள் நினைத்து நினைத்துச் சிரித்திருந்தேன்.

தத்தனேரியில் ஒற்றை அறை.
நான் போனபோது
சோணை மகள் நாகஜோதி
இருபது நாள் பிள்ளையைக் குளிப்பாட்டி
அந்த மெத்தையில் கிடத்தியிருந்தாள்.
பக்கத்தில் சாம்பிராணிக் கரண்டி,
கங்கு இன்னும் சாகவில்லை.

நான் சொன்னேன். எப்படிச் சொன்னேனென்று தெரியவில்லை.
சோணை முகம் திரும்பிக்கொண்டது.
"குடுத்ததத் திருப்பிக் கேக்குற ஆளாக்கா நீங்க?"

நாகஜோதி எதுவும் கேட்கவில்லை.
முதலில் கரண்டியை நகர்த்தினாள்.
பிறகு பிள்ளையை.

வைகைக் கரையில் போட்டால்
விடிவதற்குள் வேறொரு குடிசையில் விரிந்திருக்கும்.
அதற்காகத்தான் சொல்லியிருந்தார்கள்,
குறுக்கே இரண்டு வெட்டு, எண் தெரியும்படி ஒரு படம்.
மீன் அரிகிற கத்தியைச் சோணைதான் எடுத்தான்.
சத்தமே வரவில்லை.
மஞ்சள் துகள் மட்டும் தலைமுடியில், புருவத்தில்,
பிள்ளையின் பால் போத்தல் மூடியில்.

எங்களுடையதை மறுநாள் நானே வெட்டினேன்.
அது சத்தம் போட்டது,
அல்லது நான் போட்டேன்.

நாற்பத்தைந்து வேலை நாள் கழித்துப் பணம் வந்தது,
ஒன்றுக்கு மட்டும்.
"இலவசத்துக்கு விலை இல்லையே மேடம்."
பேங்க்காரன் மட்டும் ஐந்தாம் தேதி தவறாமல்
தவணை எடுத்துக்கொள்கிறான்.

நாங்கள் பாயில் படுத்துக்கொள்கிறோம்.
அந்தப் பணத்தில்
கீழவாசலில் ஒரு இலவம்பஞ்சு மெத்தை தைக்கச் சொல்லி
தத்தனேரிக்கு அனுப்பினேன்.
ஏற்றுமுன் கால்மாட்டைத் தடவிப் பார்த்தேன்.
இதில் சீட்டே கிடையாது.
பஞ்சு எந்த வேகத்தில் பற்றுமென்று
எனக்கு யாரும் மெசேஜ் அனுப்பப் போவதுமில்லை.

நாகஜோதிக்கு நான்தான் அனுப்பினேன்:
கரண்டியை வாசப்படிக்கு வெளியே வை.